உன் அம்மாவின் பாஸ்போர்ட்

பிரகாஷுக்கு நைனா எழுதுவது. கோழி கிளறிய மாதிரி இருக்கும் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு எதற்கும் பேனா பிடித்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நான் உன்னோடு பேசுவது எவ்வளவு என்று உனக்குத் தெரியாதா? "ம்." "சரி." "அம்மாகிட்ட குடுக்கறேன்." இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு நான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்க முடியாது. அடுத்த வியாழக்கிழமை உன் அம்மா ஹாம்பர்க்கில் வந்து இறங்கும்போது இந்தக் கடிதம் அவள் பையில், மிளகாய்த்தூள் பொட்டலத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அவள் இதைப் படிக்கவில்லை. ஆனால் இதில் என்ன எழுதியிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். எழுதச் சொன்னவளே அவள்தான்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் பாஸ்போர்ட் நான்கு மாதம் இழுத்தடித்ததே, நீ அங்கேயிருந்து யார் யாருக்கோ மெயில் போட்டாயே, "நம்ம ஊரு ஆபீஸ்னாலே இப்டித்தான்" என்று அம்மாவிடம் புலம்பினாயே, அதற்குக் காரணம் ஆபீஸும் இல்லை, போலீசும் இல்லை. நான்தான். தெரியாமல் நடந்த தப்பு என்று சொல்லிப் பார்க்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். தெரிந்தேதான் செய்தேன். வயிற்றெரிச்சலில் செய்தேன். பெற்ற மகன்மேல் ஒருத்தனுக்குப் பொறாமை வருமா என்று கேட்காதே. வரும். கட்டின பெண்டாட்டி மேலும் வரும். எனக்கு இரண்டும் ஒரே சமயத்தில் வந்தது.

போன வருஷம் நீ வீடு தேடி அலைந்த நாட்களிலிருந்து சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நான்கு மணியானால் அம்மா முகம் கழுவி, புடவை மாற்றி, போனை அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். நீ தெருவில் நடந்துகொண்டே பேசுவாய். ஒரே வீட்டைப் பார்க்க மாடிப்படியில் நாற்பது பேர் வரிசையில் நிற்பதைக் காட்டினாய். நான் இன்ன ஆள், இன்ன வேலை, சிகரெட் பிடிக்க மாட்டேன், நாய் வளர்க்க மாட்டேன் என்று வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றாய். ஒரு வீட்டில் சமையலறையே இல்லை. நான்கு சுவர், சுவரில் இரண்டு குழாய் முனை, அவ்வளவுதான். "முன்னால இருந்தவங்க கழட்டி எடுத்துக்கினு போய்ட்டாங்கம்மா, இங்க அப்டித்தான்" என்று நீ சொன்னதும் அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டில் இருந்து எட்டிப் பார்த்தார்கள். "அடுப்பு மேடையக் கூடவா கழட்டுவாங்க? சுவத்த உட்டுட்டுப் போனாங்களே, அது வரைக்கும் நல்லவங்க."

நான் அப்போது எங்கே இருந்தேன் தெரியுமா? முன் அறையில், டிவியின் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, உங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். உன் குரல் பாதி விழும், பாதி விழாது. அம்மா சொல்லும் பதிலை வைத்து நீ என்ன கேட்டிருப்பாய் என்று கண்டுபிடிப்பேன். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார், குழாயைத் திறந்து தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்று பார், சுவரில் கை வைத்து ஈரம் இருக்கிறதா என்று பார், மாடிப்படியில் யாராவது எதிரே வந்தால் அவர் உன் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்கிறாரா என்று பார். இதையெல்லாம் அவள் உனக்குச் சொன்னாள். தங்கச் சுரங்கக் கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸ் ஒன்றைத் தவிர வேறு வீட்டில் வாழ்ந்தே பார்க்காதவள் இத்தனையும் எங்கே கற்றாள் என்று எனக்கு ஆச்சரியம். அவளிடம் கேட்கத் தோன்றிய உனக்கு என்னிடம் கேட்கத் தோன்றவில்லையே என்று ஆத்திரம்.

ஒரே ஒரு தடவை கேட்டாய். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பத்துப் பதினோரு வீடு கைநழுவிப் போன பிறகு, ஒருநாள் அம்மா ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது கூப்பிட்டாய். "இன்னா நைனா பண்றது, ஒண்ணும் அமைய மாட்டேங்குது" என்றாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மகன் என்னை யோசனை கேட்கிறான்! அந்தக் காலத்தில் நாங்கள் குவார்ட்டர்ஸ் கேட்டது எப்படியோ அதையே உனக்குச் சொன்னேன். கையில் இரண்டு எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு நேராக வீட்டுக்காரர் குடியிருக்கும் இடத்துக்கே போ. வாசலில் நின்று பழத்தைக் கொடுத்து, உன் ஊர், உன் குடும்பம் எல்லாம் மரியாதையாகச் சொல். மனுஷன் மனுஷனை நேரில் பார்த்தால் மனசு இளகும். என் அப்பா அப்படித்தான் போய் நின்றார். நானும் அப்படித்தான் நின்றேன். எங்களுக்கு வீடு கிடைத்தது.

பாவம், நீயும் போனாய். அந்த வீட்டுக்கார அம்மா கதவை ஒரு சாண் அளவுக்குத் திறந்து, என் விலாசம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாளாம். எலுமிச்சம்பழத்தைப் பார்த்துவிட்டு இன்னும் பயந்துவிட்டாளாம். மறுநாளே வீடு வேறு ஆளுக்குக் கொடுத்தாயிற்று என்று மெயில் வந்ததாம். இத்தனையும் நீ என்னிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னாய். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "உங்க நைனாகிட்டயா கேட்ட? போயும் போயும்!" என்று அவள் சொன்னது முன் அறை வரைக்கும் கேட்டது. நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன். அதற்கப்புறம் நீ என்னை எதுவும் கேட்கவில்லை. நானும் "ம்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

பிறகு உனக்கு வீடு கிடைத்தது. மூன்றாவது மாடி, சமையலறை இல்லாத வீடுதான், ஆனால் உன் ஆபீசிலிருந்து பத்து நிமிஷ நடை. அந்தப் பத்து நிமிஷத்தைக் கேட்டதும் சந்தோஷம் என்று அம்மாவிடம் சொன்னேன். சந்தோஷம் இல்லை. சாயந்திரம் ஐந்தரை மணிக்கு வீட்டுக்கு வந்து, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே தட்டில் சோறு போட்டுச் சாப்பிடுகிறாய். போட்டோ அனுப்பினாய். உன் வயதில் ஐந்தரை மணிக்கு நான் சாதம் சாப்பிட்டதாக ஒரு நாள்கூட ஞாபகம் இல்லை. சுரங்கம் இருந்த வரைக்கும் ஷிஃப்ட். சுரங்கத்தை மூடிய பிறகு ஐந்தரை மணிக்கு நான் பெங்களூரில் கிருஷ்ணராஜபுரம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பேன். இருபத்திரண்டு வருஷம் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்கு ரயில், லேத் பட்டறையில் வேலை, மறுபடி ரயில். நீ தூங்கிக்கொண்டிருக்கும்போது கிளம்புவேன், நீ தூங்கிய பிறகு வருவேன். உனக்கு மீசை முளைத்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பார்த்தேன்.

இன்னொன்று சொன்னால் சிரிப்பாய். நீ கதவைப் பூட்டிவிட்டு, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, மூன்று நாள் வேறு ஊர் சுற்றப் போனாயே, அதைப் பார்த்தும் எரிந்தது. நம்ம குவார்ட்டர்ஸ் லைனில் யார் வீட்டைப் பூட்டிக்கொண்டு போவார்கள்? கம்பெனி போன பிறகு இந்த வீடு யாருடையது என்று இன்று வரை ஒரு முடிவில்லை. பூட்டு தொங்கினால் வேறு எவனாவது உடைத்து, தன் பூட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான் என்று பயம். கல்யாணமோ சாவோ, வீட்டுக்கு ஒரு ஆள் இருக்க வேண்டும். நானும் உன் அம்மாவும் சேர்ந்து ஒரு ராத்திரி வெளியூரில் தங்கியதில்லை. உன் சித்தப்பா கல்யாணத்துக்கு வேலூருக்கு நான் போனேன், அவள் இருந்தாள். அவள் அண்ணன் இறந்தபோது அவள் போனாள், நான் இருந்தேன். நீ போகிறாய், பூட்டுகிறாய், வருகிறாய், திறக்கிறாய். உள்ளே உன் சாமான் வைத்த இடத்தில் இருக்கிறது. உனக்கு அது ஒரு விஷயமே இல்லை.

ஆனால் இந்த "வீட்டுக்கு ஆள்" கதையை நான் எதற்கெல்லாம் பயன்படுத்தினேன் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ ஆறாவது படிக்கும்போது பட்டறை முதலாளி பட்டறைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு இருக்கிறது, குடும்பத்தோடு வந்து இரு என்றார். உன்னையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போய்க் காட்டினேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. அம்மா குழாயைத் திறந்து மூடிப் பார்த்தாள். சுவரில் கை வைத்துப் பார்த்தாள். அலமாரியில் எந்தத் தட்டில் பருப்பு டப்பா, எந்தத் தட்டில் உப்பு என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள். அந்த வாரமே பாத்திரங்களைச் சாக்கில் கட்டினாள். நான்தான் வேண்டாம் என்றேன். "குவார்ட்டர்ஸ உட்டுட்டுப் போனா நாளைக்குப் பட்டா குடுக்கறப்ப நம்ம பேரு இருக்காது" என்றேன். லைனில் எல்லோரும் எனக்குத்தான் தலையாட்டினார்கள். அவள் சாக்கை அவிழ்த்து, பாத்திரங்களைப் பழைய இடத்திலேயே அடுக்கினாள்.

பட்டா பயம் இல்லாமல் இல்லை. ஆனால் நான் போகாததற்குக் காரணம் அது இல்லை, பிரகாஷ். ரயில்தான் காரணம். எங்கள் கம்பார்ட்மெண்டில் ஏழெட்டுப் பேர். தாஸ் அண்ணன் துண்டு போட்டு எனக்கு இடம் பிடித்து வைப்பார். பங்காருப்பேட்டை தாண்டினால் சீட்டுக்கட்டு எடுப்போம். ஒருத்தன் பிறந்தநாள் என்றால் ஓடுகிற ரயிலில் கேக் வெட்டுவோம். ஒருத்தன் டப்பாவில் புளியோதரை, இன்னொருத்தன் டப்பாவில் சித்ரான்னம், கை மாறி மாறிச் சாப்பிடுவோம். பட்டறையில் நான் ஒரு கூலிக்காரன். வீட்டில் தூங்குகிறவன். அந்த ரயிலில் மட்டும் நான் ஒரு ஆள். நான் ஒரு கதையை ஆரம்பித்தால் எதிர் சீட்டுக்காரன் காது கொடுப்பான். பட்டறைக்குப் பின்னால் குடி போனால் அது போய்விடும். அதற்காக உன் அம்மாவுக்குக் கிடைத்த வீட்டையும், உனக்குக் கிடைத்திருக்க வேண்டிய அப்பாவையும் விட்டேன். இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. தாஸ் அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம். இப்போது ரயிலும் இல்லை, நீயும் இல்லை.

ஆகையால் உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்றே ஒன்றுதான். வெளிநாட்டில் புது ஊரில் குடியேறுகிறவனுக்கு ஆயிரம் பேர் ஆயிரம் சொல்வார்கள். எந்தக் கடையில் அரிசி கிடைக்கும், குளிருக்கு எத்தனை சட்டை போட வேண்டும், அதெல்லாம் நீயே கற்றுக்கொண்டாய். நான் சொல்வது வேறு. வெளியே உன்னைப் பெரிய ஆளாக நினைக்க நாலு பேர் கிடைப்பார்கள். அந்த நாலு பேரோடு இருக்கும் நேரம் இனிக்கும். இனிக்கட்டும். ஆனால் வேலை முடிந்ததும் உன் வீட்டுக்குப் போய்விடு. நாளைக்கு உனக்கு ஒருத்தி வந்து, பிள்ளைகளும் வந்த பிறகு, ஐந்தரை மணிக்கு நீயே கதவைத் திறந்து உள்ளே போ. உனக்குக் கிடைத்த பத்து நிமிஷ நடையை வேறு எதற்கும் விட்டுக் கொடுக்காதே. அதைப் பார்த்து நான் எரிந்தது வேறு விஷயம்.

இனி பாஸ்போர்ட். வீடு கிடைத்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம், "நீங்க வாங்கம்மா, மூணு மாசம் இருங்க. கிச்சன் போடணும். நீங்க நின்னு சொல்லுங்க, அப்டியே போட்டுடலாம்" என்றாய். நான் முன் அறையில் எழுந்து நின்றுவிட்டேன். என் பெயர் வரும் என்று காத்திருந்தேன். அம்மாதான் கேட்டாள், "நைனா?" என்று. போனை என் பக்கம் திருப்பினாள். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "ஊட்டுக்கு ஆளு வோணுமே நைனா." நான் உனக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்த வார்த்தை. நீ குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். நான் வரமாட்டேன் என்று நீ நம்பினாய், அவ்வளவுதான். நான் வழக்கம்போல "ம்" என்றேன்.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டு, ஆபீசுக்கும் அவளை நானே அழைத்துப் போய் வந்தேன். அதுவரைக்கும் நான் ஒழுங்காகத்தான் இருந்தேன். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு போலீஸ் விசாரணைக்கு ஒரு கான்ஸ்டபிள் வந்தார். சின்ன வயசு, உன் வயசுதான் இருக்கும். கன்னடத்தில், "யஜமானரே, மேடம் மனேலி இத்தாரா?" என்று கேட்டார், மேடம் வீட்டில் இருக்கிறார்களா என்று. அம்மா உனக்காக மிளகாய் வாங்க ஆண்டர்சன்பேட்டைக்குப் போயிருந்தாள். உட்காருங்கள் சார், பத்து நிமிஷத்தில் வந்துவிடுவாள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது வேறு. "ஊரல்லி இல்லா சார். வேலூர் கடெ ஹோகிதாரே. பரோதுக்கு தும்ப தினா ஆகுத்தே." ஊரில் இல்லை, வேலூர் பக்கம் போயிருக்கிறாள், வர ரொம்ப நாள் ஆகும். அவர் எழுதிக்கொண்டார். நானே அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து வழியனுப்பினேன். கால் மணி நேரத்தில் அம்மா மிளகாய் மூட்டையோடு தும்மிக்கொண்டே வந்தாள். "யாராவது வந்தாங்களா?" என்றாள். இல்லை என்றேன்.

அப்படிச் சொன்னபோது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? ஒரு குளிர்ச்சி. அவள் உன்னிடம் போக முடியாது, நீங்கள் இரண்டு பேரும் நின்று பேசிப் பேசி ஒரு சமையலறை கட்ட முடியாது, நான் இங்கே தனியாக உட்கார்ந்து அரிசி டப்பாமேல் போனைச் சாய்த்து வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. நான் இல்லாமல் நடக்கிற எதையும் நடக்கவிடக் கூடாது என்கிற அல்ப புத்தி. ஒரு வாரம் அந்தக் குளிர்ச்சி தாங்கியது.

பிறகுதான் விசாரணையில் ஆள் இல்லை, பாஸ்போர்ட்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. செய்தி இங்கிலீஷில் இருந்ததால் அம்மாவுக்குப் புரியவில்லை. நானும் புரியாத மாதிரி இருந்துகொண்டேன். அவள் தன் கையெழுத்து சரியில்லை, அதனால்தான் நிறுத்திவிட்டார்கள் என்று தானாக முடிவு செய்துவிட்டாள். அன்றைக்கு ஆபீசில் கை நடுங்கியதாம், எழுத்து கோணிவிட்டதாம். நான் கடைக்குப் போய்விட்டு வந்தால் பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து தன் பெயரை எழுதிக்கொண்டிருப்பாள். ஒரு தாளில் நாற்பது ஐம்பது தடவை. என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டு மடித்து வைத்துவிடுவாள். "திருப்பிக் கூப்ட்டா ஒழுங்கா போடணும்ல" என்பாள்.

அவளுக்குத் தெரியாமல் சரி செய்துவிடலாம் என்று போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அதே கான்ஸ்டபிள் இருந்தார். அவள் இப்போது ஊரில் இருக்கிறாள் என்றேன். "நீவே ஹேளித்ரல்லா யஜமானரே" என்றார், நீங்கள்தானே சொன்னீர்கள் என்று. கோபமெல்லாம் இல்லை. மறுபடி விசாரணை கேட்டு அவளே வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அப்படியானால் அவளிடம் சொல்லியே ஆக வேண்டும். வீட்டுக்கு வந்து, அவள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தபோது, நின்றுகொண்டே சொன்னேன்.

அவள் கத்தவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள். "இன்னா சொன்னீங்களோ அத்த அப்டியே சொல்லுங்க" என்றாள். சொன்னேன். "இன்னொரு தபா சொல்லுங்க." இன்னொரு தடவையும் சொன்னேன். ஊரில் இல்லை, வர ரொம்ப நாள் ஆகும். அப்புறம் அவள் பேசினாள். "இருவத்திரெண்டு வருசம். ஸ்கூல்ல மிஸ் கூப்ட்டு அனுப்பனப்ப, ஓட்டு லிஸ்ட்டு எழுத வந்தப்ப, புள்ளைக்கு டைஃபாய்டுன்னு டாக்டரு அவங்கப்பா எங்கம்மான்னு கேட்டப்ப, ஊர்ல இல்லீங்க, ஊர்ல இல்லீங்கன்னு நாந்தான் சொல்லிக்கினு இருந்தேன். வாசல்ல நின்னு எத்தினி பேருக்குச் சொன்னேன்னு எனக்கே தெரியாது. நான் சொன்னது எல்லாம் நெசம். நீங்க ஒரே ஒரு தபா சொன்னீங்க. அதுவும் பொய்."

நான்கு நாள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், பேசவில்லை. ஐந்தாம் நாள், "அவன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே எழுதுங்க. போன்ல வேணாம், ம்முன்னு சொல்லிட்டு வச்சிடுவீங்க" என்றாள். அதன் பிறகு நேராக ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டாள். பார்க்க வேண்டுமே, அச்சடித்த மாதிரி இருந்தது.

மறுபடி விசாரணைக்கு வரும் நாளில் காலை ஒன்பது மணிக்கே பிளாஸ்டிக் நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. கான்ஸ்டபிள் வந்தார். நான் காபி போட்டுக் கொண்டுவந்தேன். "ஊரிந்தா பந்த்ராம்மா?" என்று அவளைக் கேட்டார், ஊரிலிருந்து வந்துவிட்டீர்களா என்று. அவள் என்னைப் பார்க்காமலேயே சொன்னாள், "நானு இல்லே இத்தே சார். இவரே ஈகா ஊரிகே பந்தித்தாரே." நான் இங்கேதான் இருந்தேன் சார். இவர்தான் இப்போது ஊருக்கு வந்திருக்கிறார். அவர் அர்த்தம் புரியாமல் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். காபி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய் ரொம்ப நேரம் கழுவினேன்.

பாஸ்போர்ட் வந்தது. விசா வந்தது. டிக்கெட் வந்தது. எல்லாம் ஒன்று, ஒரே ஒரு ஆளுக்கு. போன ஞாயிற்றுக்கிழமை நீ உன் வீட்டு வாசலின் போட்டோ அனுப்பினாய், அம்மா டாக்ஸியில் வந்தால் அடையாளம் தெரியட்டும் என்று. அந்த ஊரில் மாடி வீடுகளுக்குத் தனித்தனியாகக் கதவு எண் போடுவதில்லை, காலிங் பெல்லுக்குப் பக்கத்தில் குடும்பப் பெயர்தான் எழுதுவார்கள் என்று சொன்னாய். நமக்கு எங்கே குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் உன் பெயருக்குப் பின்னால் என் பெயர்தான் இருக்கிறது. அதனால் பெல்லுக்குப் பக்கத்திலும் என் பெயர். தபால் பெட்டியிலும் என் பெயர். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள். "அங்கயும் வாசல்ல உங்க பேரு" என்றாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அங்கயும் உள்ள ஆளக் காணோம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கென்னவோ முதல் தடவையாக அவள் என்னைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

பொறாமை போய்விட்டது என்று எழுதி இந்தக் கடிதத்தை முடித்தால் நன்றாக இருக்கும். போகவில்லை. மூன்று மாதம் நீங்கள் இரண்டு பேரும் வெளிச்சத்தில் சாப்பிடுவீர்கள். அவள் அலமாரியில் எந்தத் தட்டில் பருப்பு என்று சொல்வாள், நீ ஆணி அடிப்பாய். ஞாயிறு நான்கு மணிக்கு என்னைக் கூப்பிடுவீர்கள், நான் "ம்" என்பேன். உங்கள் சந்தோஷத்தில் எனக்குப் பங்கு இல்லையே என்று மறுபடி எரியும். நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. அதற்குள் கேட்க எனக்கு வாயும் இல்லை. அவளை நன்றாகப் பார்த்துக்கொள் என்றும் சொல்ல மாட்டேன். அதை நீ என்னைவிட ஒழுங்காகச் செய்கிறவன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அம்மாவுக்கு விசாவுக்காக ஒரு அழைப்புக் கடிதம் அனுப்பினாயே, அதே மாதிரி எனக்கும் ஒன்று அனுப்பு. நான் வந்துவிடுவேன் என்று பயப்படாதே. வீட்டுக்கு ஆள் வேண்டும் என்று எனக்கும் தெரியும். நீ கேட்டால்தானே நான் வரவில்லை என்று சொல்லவாவது முடியும்? அதற்காகத்தான் கேட்கிறேன்.

இல்லை, மறுபடியும் பொய் சொல்கிறேன். நீ கேட்டால் நான் வந்துவிடுவேன்.

நைனா